ஆராயி கழுவிய அறுபத்துநாலு கழிப்பறைகள்

மல்லிகை வாசம் வந்தாலே ஆராயிக்குக் குமட்டும். கல்யாண வீட்டில் யாராவது தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். பூ என்ன பாவம் செய்தது? நாமக்கல்லுக்கு வெளியே, சேலம் ரோட்டில் நிற்கும் 'நல்லம்மாள் ஸ்கொயர்' என்ற மாலில் அவள் பதினோரு வருஷமாகக் கழிப்பறை கழுவுகிறாள். அங்கே சுவரில் மாட்டிய டப்பா ஒன்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'புஸ்' என்று மல்லிகை வாசத்தைத் துப்பும். கீழே மனிதர்கள் செய்துவைத்தது, மேலே இந்த மல்லிகை. இரண்டும் கலந்து வருகிற வாடை வெறும் பீ நாற்றத்தைவிடக் கேவலமானது. நாற்றம் நாற்றமாக இருந்தால் அதில் ஒரு யோக்கியமாவது இருக்கும் என்பாள்.

நாற்றத்தைப் பற்றி ஆராயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இன்றைக்கு மால் நிற்கிற அதே எட்டு ஏக்கரில் முன்பு கோழிப்பண்ணை இருந்தது. எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து சின்னானைக் கட்டிக்கொண்டு இருபத்திரண்டு வயதில் நாமக்கல் வந்தவள், முதலில் வேலைக்குப் போனது அந்தப் பண்ணைக்குத்தான். சின்னான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆராயி காலையில் முட்டை எடுப்பாள், மத்தியானம் கூண்டுக்கு அடியில் குவிந்த எருவை வழிப்பாள். வெயில் காலத்தில் கண் எரியும், மழைக்காலத்தில் புழு நெளியும். மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தாலும், சோற்றில் கை வைத்தால் கோழி எரு மணக்கும். அதை அவள் அருவருப்பு என்று நினைத்ததே கிடையாது. கோழி பேலத்தான் செய்யும், அதற்கு வேறென்ன தெரியும். வேலைக்கு நடுவில் அவசரம் என்றால் பண்ணைக்குப் பின்னால் சோளக்காடு இருந்தது. பெண்கள் இரண்டு பேராகப் போய்விட்டு வருவார்கள். போனது எத்தனை மணி, வந்தது எத்தனை மணி என்று யாரும் கேட்டதில்லை.

பண்ணைக்காரர் செங்கோடன். திருச்செங்கோட்டில் ரிக் லாரி ஓட்டி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்து வாங்கிய பூமி அது. பறவைக் காய்ச்சல் பீதி கிளம்பிய வருஷம் முட்டையைச் சீந்துவார் இல்லை. அதற்குள் ஊரும் வளர்ந்து பண்ணை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. சுற்றிலும் விடுதியோடு கூடிய பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கெங்கிருந்தோ கார்களில் பெற்றோர் வந்து இறங்குவார்கள். பிள்ளையை வெளியே கூட்டிப்போக ஓர் இடமில்லாமல், புளியமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். செங்கோடன் அதை இரண்டு வருஷம் பார்த்தார். கோழிக்குத் தீனி போட்டது போதும், இனி இவர்களுக்குப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் தகரக் கூரை போட்ட ஒரு சூப்பர் மார்க்கெட் வந்தது. எரு வழித்த பெண்களில் நாலு பேர் அங்கே கூட்டிப் பெருக்கப் போனார்கள். ஆராயி அதில் ஒருத்தி. நாலு வருஷம் கழித்துத் தகரத்தைப் பிரித்துவிட்டு மூன்று மாடிக்கு மால் கட்டி, தன் தாயார் நல்லம்மாள் பெயரையே வைத்தார் செங்கோடன். திறந்த முதல் வாரம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எஸ்கலேட்டரில் ஏறினவர்கள் உண்டு. பாதி வழியில் பயந்துபோய் உட்கார்ந்துகொண்டவர்களும் உண்டு. அப்புறம் சினிமாவும் சாப்பாட்டுக் கடைகளும் சேர்ந்து இரண்டாவது கட்டடம். அதற்கும் அப்புறம் துணிக்கடையும் குழந்தைகள் விளையாட்டுமாக மூன்றாவது. பெரியவர் ஓய்ந்து, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் ஈஸ்வர் கையில் நிர்வாகம் வந்தது.

மால் பெருகப் பெருகக் கழிப்பறைகளும் பெருகின. முதல் கட்டடத்தில் பதினாறு, இரண்டாவதோடு சேர்த்து முப்பத்தெட்டு, மூன்றாவதும் சேர்ந்து அறுபத்துநாலு. ஆராயிக்கு எண்ணத் தெரியும், அத்தனையையும் கழுவினவள் அல்லவா. வேலை செய்கிற பெண்களுக்கான கழிப்பறைக் கணக்கு மட்டும் தலைகீழாகப் போனது. மால் திறந்தபோது பின்பக்கம் இரண்டு இருந்தன. இரண்டாவது கட்டடம் எழும்பியபோது அவற்றை இடித்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஒன்று கொடுத்தார்கள். மூன்றாவது கட்டடம் வந்ததும் அந்த ஒன்றும் போயிற்று. அலங்காரச் சாமான் போட்டுவைக்க இடம் பத்தவில்லையாம். தெர்மாகோல் கிறிஸ்துமஸ் தாத்தா, பொங்கலுக்கு வாசலில் நிறுத்தும் அட்டைக் காளை, பிளாஸ்டிக் மாவிலை, ஆள் உயரத் தீபாவளிப் பட்டாசு எல்லாவற்றையும் அதற்குள் திணித்துப் பூட்டினார்கள். நாலாவது கட்டடத்தில் உங்களுக்கெல்லாம் நல்லதாகக் கட்டித் தருகிறோம் என்றார்கள். நாலாவது கட்டடத்துக்கு இன்னும் நிலமே வாங்கவில்லை.

விற்பனைப் பெண்கள், கூட்டுகிறவர்கள், சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறவர்கள் என்று எழுபது பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். வாடிக்கையாளர் கழிப்பறைக்குள் போகக் கூடாத அந்த எழுபது பேருக்கும் சொல்லப்பட்ட வழி, பைபாஸைத் தாண்டி எதிரில் இருக்கும் பெட்ரோல் பங்க். போய்வரப் பத்து நிமிஷம். காவலாளி வேலுசாமி வாசலில் நோட்டு வைத்துக்கொண்டு போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதுவார். பங்க் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, பல நாள் தண்ணீரும் கிடையாது. வெளியே லாரிக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பெண்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு சரி. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை. சாப்பிடும்போது விக்கினால்கூட ஒரு மிடறுதான்.

இவர்கள் நாக்கு வறண்டு கழுவுகிற இடத்தில் வாடிக்கையாளர்கள் செய்துவிட்டுப் போகிறதைச் சொன்னால் சோறு இறங்காது. குழந்தையின் அசிங்கத் துணியைக் கைகழுவும் தொட்டியில் போட்டுவிட்டுப் போவாள் ஒரு மகராசி. பாக்கைத் துப்பிச் சுவரெல்லாம் சிவப்பாக்கி வைப்பான் ஒரு கனவான். ரத்தத் துணியைச் சுற்றாமல் மடக்காமல் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிட்டு, கண்ணாடியில் உதட்டுச்சாயம் சரிபார்த்துக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் விசேஷம். விடுதிப் பிள்ளைக்கு இரண்டு வாரப் பசியையும் ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிட வேண்டும் என்று பீட்சாவையும் பிரியாணியையும் ஐஸ்கிரீமையும் திணிப்பார்கள். அது நேராக வந்து ஆராயியின் தரையில் கக்கும். அப்பன்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா, இத வந்து க்ளீன் பண்ணு" என்பான். கோழி தேவலாம் என்று ஆராயிக்குத் தோன்றாத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கோழிக்குத் திமிர் கிடையாது.

இந்த எழுபது பேருக்காக ஆராயி ஒரு தந்திரம் செய்தாள். தரை கழுவும்போது வாசலில் வைக்கிற மஞ்சள் பலகை இருக்கிறதே, 'சுத்தம் செய்யப்படுகிறது' என்று எழுதியது, அதை வைத்தால் வாடிக்கையாளர் யாரும் உள்ளே வரமாட்டார்கள். ஒருநாள் வயிற்றுப்போக்கில் தவித்த ஒரு பெண்ணை உள்ளே விட்டுப் பலகையை வாசலில் வைத்தாள். அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மாடிக்கு ஒரு பலகை, தடவைக்கு ஐந்து நிமிஷம், இரண்டு இரண்டு பேர். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆராயிக்கு சூப்பர்வைசர் வேலை கொடுத்து, நீலக் கோட்டும் கையில் வாக்கிடாக்கியும் தந்த பிறகு இது இன்னும் சுலபமாயிற்று. கட்டுகிறவன் மறந்ததை நாங்கள் சரிபண்ணிக்கொண்டோம், இதில் திருட்டு என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

இரண்டு வருஷம் ஓடியது. அப்புறம் ஈஸ்வர், கழிப்பறை வாசல்களில் ஆள் எண்ணுகிற கருவியைப் பொருத்தினான். எந்த நேரத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். ஒரு மாதம் கழித்து ஆராயியை ஆபீசுக்குக் கூப்பிட்டான்.

அங்கே ஈஸ்வர் மட்டும் இல்லை, அவன் பாட்டி நல்லம்மாளும் சோபாவில் உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. மாதத்துக்கு ஒருமுறை தன் பெயர் எழுதிய கட்டடத்தைப் பார்க்க வருவார். அவரைப் பார்த்ததும் ஆராயிக்கு உடம்பு தானாகக் குனிந்தது. அதற்குக் காரணம் இருந்தது. ஆராயியின் மகள் அறிவுச்செல்வியின் கல்யாணத்துக்கு நல்லம்மாள் நேரில் வந்திருந்தார். சீர்த்தட்டு வைத்ததோடு போகாமல், ஆராயியின் சாதிசனத்தோடு அதே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்து, ரசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டுக்காரர்கள் இந்தத் தெருவுக்குள் வந்து கை நனைத்ததாக அதற்கு முன் சரித்திரமே கிடையாது. தெருவே ஒரு மாதம் அதைப் பேசியது. அன்றிலிருந்து ஆராயி தன்னை அந்த வீட்டு ஆள் என்றே நம்பினாள். "ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போனதுக்கு ஆயுசு பூராவும் அடிமை எழுதிக் குடுத்துட்டயே" என்று சின்னான் கேலி செய்வான். அவள் கேட்டுக்கொள்ள மாட்டாள்.

ஈஸ்வர் நல்ல மரியாதைக்காரன். யாரையும் ஒருமையில் பேசமாட்டான்.

"உக்காருங்க ஆராயிம்மா. ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன சந்தேகம். லேடீஸ் டாய்லெட் ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவ அஞ்சஞ்சு நிமிசம் மூடியிருக்குது. அத்தன தடவ கழுவ வேண்டியதில்லீங்களே. என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பைப் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். வேலுசாமியாக இருந்தால் அரை நொடியில் பத்துப் பொய் சொல்லியிருப்பார். ஆராயி நல்லம்மாளைப் பார்த்தாள். பந்தியில் உட்கார்ந்த மனுஷி முன்னால் பொய் எப்படிச் சொல்வது? நம்ம வீட்டு ஆளிடம் நடந்ததைச் சொன்னால் தீர்த்து வைக்காமலா போவார்கள்?

"நாங்கதானுங்க சாமி" என்றாள். "பலகைய வெச்சுட்டு நாங்கதானுங்க போயிட்டு வாரோம். எல்லாப் பொம்பளைகளும். மொதல்ல ஆரம்பிச்சு உட்டதே நானுங்க. பங்க்குக்குப் போக முடியலீங்க, அங்க தாப்பாளு கூட இல்லீங்க. தண்ணி குடிக்காமக் கெடந்து புள்ளைகளுக்கெல்லாம் நீர்க்கடுப்பு வந்துருச்சு. கீழ பூட்டிக் கெடக்குதே, அத மட்டும் தொறந்து உட்டீங்கன்னா போதுமுங்க சாமி."

சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. நல்லம்மாள், "அட பாவமே" என்றார். ஈஸ்வர் எழுந்து வந்து, "உண்மையச் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் நீங்க நம்ம ஊட்டு ஆளு. நான் பாத்துக்கறேனுங்க" என்றான். ஆராயி வீட்டுக்கு வந்து சின்னானிடம் பெருமையாகச் சொன்னாள். சின்னான் கோழிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "பாத்துக்குவான், பாத்துக்குவான்" என்றான்.

நாலாம் நாள் காலையில் எல்லா மஞ்சள் பலகைகளையும் ஆபீசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இனி மால் திறப்பதற்கு முன்பும் மூடிய பின்பும்தான் தரை கழுவ வேண்டும். நடுவில் துடைப்பதானால் கதவு திறந்திருக்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து துடைக்க வேண்டும். வாடிக்கையாளர் கழிப்பறையைப் பயன்படுத்துகிற ஊழியர் அன்றே வேலையிலிருந்து நிறுத்தப்படுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை யாரும் வெளியே போகக் கூடாது, பங்க்குக்கும் சேர்த்துத்தான். நோட்டீசின் அடியில் ஒரு சிரிக்கும் முகப் படம் வேறு போட்டிருந்தார்கள். கீழ்த்தளத்துப் பூட்டு அப்படியே தொங்கியது.

யார் போட்டுக் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அரை நாள்கூட ஆகவில்லை. ஆராயி சாப்பாட்டுப் போசியோடு வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் தங்கள் போசியை மூடிக்கொண்டு எழுந்தார்கள். முகத்துக்கு நேராகக் கேட்டவள் கயல்விழி ஒருத்திதான். முதல் மாடியில் கூட்டுகிறவள், இருபத்தைந்து வயது, மூன்று வயதில் ஒரு குழந்தை. நீர்க்கடுப்பு முற்றி இரண்டு தரம் ஆஸ்பத்திரி போய் வந்தவள். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று டாக்டர் சத்தம் போட்டு அனுப்பியிருந்தார்.

"ஏனுங்க்கா, அவங்க கேட்டா நீங்க சொல்லிருவீங்களா? குடிக்கலீன்னா சாவேன்னு டாக்டர் சொல்றாரு. குடிச்சா எங்கீங்க்கா போறது?"

ஆராயி திறந்த போசியை அப்படியே மூடினாள். கோழியும் மனிதர்களும் கழித்துவிட்டுப் போனதை முப்பது வருஷமாகக் கையால் அள்ளியும் வராத அருவருப்பு, அன்றைக்குத் தன் மேலேயே வந்தது. ஓர் இலைச் சோற்றுக்கு எழுபது பேரைக் காட்டிக் கொடுத்தவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகத்தான் போனாள். சின்னானுக்குப் பெயிண்ட் புகை நெஞ்சில் ஏறி, பட்டறைக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலாண்டுப் பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை. வண்டி நிறுத்த இடமில்லாமல் பைபாஸ் வரைக்கும் கார்கள் நின்றன. ஒரு மணி சுமாருக்கு கயல்விழி ஆராயியிடம் வந்தாள். வியர்த்திருந்தாள்.

"அக்கா, ஓடிப் போயிட்டு வந்தர்றேன். வேலுசாமியண்ணன் உடமாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க்கா."

ஆராயி வேலுசாமியை வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். "சின்னவரு உத்தரவுங்க்கா, எம் பொழப்பக் கெடுத்துராதீங்க" என்று அவர் வைத்துவிட்டார். எதிரிலேயே பெண்கள் கழிப்பறை இருந்தது. அதன் வாசலுக்கு மேலே கேமராவும் இருந்தது. ஆராயி அந்தக் கேமராவை ஒரு தரம் பார்த்தாள்.

"சித்த பொறுத்துக்கோ அம்மிணி. நாலு மணி ஆகட்டும்" என்றாள்.

கயல்விழி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒண்ணே முக்காலுக்கு வாக்கிடாக்கி கத்தியது. "ஆராயிம்மா, முதல் மாடி எஸ்கலேட்டர் கிட்ட தண்ணி கொட்டியிருக்குது. கஸ்டமரெல்லாம் பாக்கறாங்க. சீக்கிரம் மாப் எடுத்துட்டு வாங்க." வழக்கம்போல ஜூஸ் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்து ஆராயி மாப்பும் வாளியுமாகப் போனாள்.

ஜூஸ் அல்ல. எஸ்கலேட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி கயல்விழி நின்றிருந்தாள். சாம்பல் நிறச் சீருடை இடுப்புக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. காலடியில் வெள்ளைத் தரையில் மூத்திரம் பரவி, எஸ்கலேட்டரின் இரும்புப் பல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு ஜனம் நின்றது. பட்டுச்சேலைக்காரி ஒருத்தி தன் மகனை இழுத்து, "மிதிக்காதடா, சீ, கருமம்" என்றாள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். இரண்டு விடுதிப் பையன்கள் சிரித்தார்கள். இத்தனை நாள் இவர்கள் கக்கினதையும் துப்பினதையும் பேண்டதையும் முகம் சுளிக்காமல் அள்ளிப் போட்ட பெண் அவள். இன்றைக்கு அவளைப் பார்த்து இவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். ஆராயிக்கு வாயில் எச்சில் ஊறியது. அங்கேயே காறித் துப்பியிருப்பாள். அதையும் துடைக்க வேண்டியவள் தானே என்பதால் விழுங்கினாள்.

ஈஸ்வர் வேகமாக வந்தான். கயல்விழியை அவன் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தான்.

"மொதல்ல மஞ்ச போர்டு வைங்க ஆராயிம்மா. யாராச்சும் வழுக்கி உழுந்துரப் போறாங்க."

"போர்டு உங்க ஆபீசுல இருக்குதுங்க" என்றாள் ஆராயி. "நீங்கதானுங்க வாங்கி வெச்சீங்க."

மாப்பை அவன் காலடியில் போட்டாள். நீலக் கோட்டைக் கழற்றிக் கயல்விழியின் இடுப்பில் சுற்றிக் கட்டி, தோளில் கை போட்டு, கூட்டத்துக்கு நடுவிலேயே நடத்திக் கூட்டிப்போனாள். ஊழியர் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கும்போது கயல்விழிக்குப் பல் கிட்டித்துப்போயிருந்தது. அழுகை கூட வரவில்லை.

அலங்காரச் சாமான் அறையின் சாவி சூப்பர்வைசரின் கொத்தில் இருந்தது. அந்தச் சாவி அத்தனை நாளும் தன் இடுப்பில்தான் தொங்கியது என்பதே அப்போதுதான் ஆராயிக்கு உறைத்தது. பூட்டைத் திறந்தாள். முதலில் கிறிஸ்துமஸ் தாத்தாவை இழுத்து வெளியே எறிந்தாள். தாத்தா தலை வேறு உடல் வேறாகி, கார் நிறுத்துமிடத்துக்கு உருண்டு போனார். காளையைக் கொம்பைப் பிடித்து இழுத்ததில் கொம்பு கையோடு வந்தது. உதைத்து வெளியே தள்ளினாள். பிளாஸ்டிக் மாவிலை, பட்டாசு, வருஷப் பிறப்பு எண்கள் எல்லாம் பறந்தன. வண்டி எடுக்க வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடியில், தூசியும் பெயிண்ட் டப்பாவுமாக, பீங்கான் தொட்டி விரிசல் விடாமல் அப்படியே இருந்தது. குழாயைத் திருகினாள். துருவைக் கக்கியது, இருமியது, அப்புறம் தண்ணீர் வந்தது. ஆராயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு வாளி தண்ணீர் பிடித்து வைத்து, கயல்விழி வீட்டிலிருந்து கட்டி வந்த சேலையை படிக்கட்டடியில் மாட்டியிருந்த அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"தாப்பாளப் போட்டுக்கோ கண்ணு. நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு, நீ எப்ப வேணுமோ அப்ப வா."

கயல்விழி வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் செய்தி எப்படியோ மூன்று கட்டடத்துக்கும் போய்விட்டது. முதலில் துணிக்கடை நர்மதா ஓடி வந்தாள். அப்புறம் தட்டுக் கழுவுகிற இரண்டு பேர், சோளப்பொரி விற்கிற பெண், பில் போடுகிறவள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் ஆராயியிடம் பேசவில்லை. ஆராயியும் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாகச் சுவரோரம் நின்றார்கள். கயல்விழி வந்ததும் நர்மதா உள்ளே போனாள்.

நர்மதாவும் அடுத்த ஒருத்தியும் போய் வந்து, சோளப்பொரிக்காரப் பெண் உள்ளே போயிருந்த சமயம் ஈஸ்வர் வந்தான், பின்னால் வேலுசாமியோடு. வழியில் கிடந்த தாத்தாவின் தலையைத் தாண்டி வந்தான். வரிசை கொஞ்சம் கலைந்தது. இரண்டு பேர் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

"என்னங்க ஆராயிம்மா இது? மேல அத்தன கஸ்டமர் இருக்கறப்ப எல்லாரும் இங்க நிக்கறீங்க. எல்லாரும் மேல போங்க. அப்புறம் பேசிக்கலாமுங்க."

யாரும் அசையவில்லை, ஆராயியின் முகத்தைப் பார்த்தார்கள். நாலு நாளுக்குப் பிறகு அவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பது அப்போதுதான்.

ஈஸ்வரின் குரலில் முதல் தடவையாக மரியாதை கழன்றது. "நாளைலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம். சாவியக் குடு."

"செரிங்க சாமி" என்றாள் ஆராயி. கொத்திலிருந்து ஒரு சாவியை மட்டும் கழற்றி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அவன் கையில் கொடுத்தாள். பிறகு கதவுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"உள்ள பொம்பளப் புள்ள இருக்குது. ஆம்பள நீங்க இங்க நிக்கக் கூடாதுங்க. அப்பிடிக்கா தள்ளிப் போங்க சாமி."

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. ஈஸ்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வேலுசாமி அதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டிருந்தார். ஈஸ்வரின் காது சிவந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். வரிசையில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.